செக்குமாட்டின் சனிக்கிழமை

ஓய்வுநாள் என்ற பேச்சை எடுத்தாலே நம்மிடையே ஒரு கேள்வி முந்திக்கொண்டு வந்துவிடும். அது சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? இதற்காகச் சபைகள் பிரிந்திருக்கின்றன, துண்டறிக்கைகள் அச்சாகியிருக்கின்றன, உறவுகள்கூட முறிந்திருக்கின்றன. யூதர்கள் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி மறுநாள் இரவு விண்மீன்கள் தெரியும்வரை அதைக் கடைப்பிடிக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிறன்று கோயிலுக்குப் போகிறார்கள். எது சரியான கிழமை என்ற வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. நான் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்யப் போவதில்லை. ஆனால் அதை இரண்டாம் இடத்தில் வைக்கப் போகிறேன். 'எந்தக் கிழமை' என்ற கேள்வி, அதைவிடப் பழைய கேள்வி ஒன்றை விழுங்கிவிட்டது என்பதே என் வாதம். அந்தப் பழைய கேள்வி, 'யாருக்கு ஓய்வு' என்பது. கம்பம் பள்ளத்தாக்கைப் போல வயலும் தோப்பும் மலைத்தோட்டமுமாகக் கூலி உழைப்பால் நிற்கும் ஒரு நிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

முதலில் மூல நூலுக்குப் போவோம். ஓய்வுநாள் கட்டளை எபிரெய வேதத்தில் ஒரே இடத்தில் மட்டும் இல்லை. நாம் மனப்பாடமாக அறிந்தது யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் பத்துக் கட்டளைகளில் வருவது. அதே நூலின் 23-ஆம் அதிகாரத்தில் இன்னொரு வடிவம் இருக்கிறது. இது மிகப் பழையது என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. அங்கே படைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் நிறுத்தம். எதற்காக என்றால் மாடும் கழுதையும் இளைப்பாறவும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் மூச்சு வாங்கிக்கொள்ளவும். 'மூச்சு வாங்க' என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. அங்கே நிற்கும் வினைச்சொல், மூச்சு, தொண்டை, உயிர் என்று பொருள் விரியும் 'நெஃபெஷ்' என்ற சொல்லோடு வேர் உறவு உடையது. எபிரெய வேதம் முழுவதிலும் அந்த வினை மூன்றே இடங்களில்தான் வருகிறது. மகன் அப்சலோமுக்கு அஞ்சி ஓடிய தாவீது களைத்துப்போய் ஓரிடத்தில் தங்கி ஆசுவாசப்படும்போது ஒருமுறை. படைப்பை முடித்த கடவுளைப் பற்றிப் பேசும்போது ஒருமுறை. மூன்றாவது இடம் அடிமைப் பெண்ணின் மகனுக்கு உரியது. ஓர் அரசன், கடவுள், பெயரில்லாத ஓர் அடிமைச் சிறுவன் என்ற இந்த வரிசையை எந்த உரையாசிரியரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது. மொழி தானாகவே அமைத்துக்கொண்டது. 'மூச்சு விட நேரமில்லை' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அந்தக் குறையைத் தீர்க்க எழுந்த சட்டம் இது.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்புத்தான். பத்துக் கட்டளைகளில் சொல்லப்படும் காரணம் வேறல்லவா? ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்பதுதானே அங்கே உள்ளது? அது வழிபாடு, அதில் கூலிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் மாறுவது உண்மைதான். ஆனால் பட்டியல் சுருங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்ற வரிசை அங்கேயும் நிற்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை திரும்ப வரும்போது படைப்புக் காரணம் போய், எகிப்தில் நீயே அடிமையாக இருந்தாய் என்ற காரணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று கூடுதலாக ஒரு வாசகமும் சேர்கிறது. ஒரு சட்டத்தின் முகவுரையை மாற்றி மாற்றி எழுதினார்கள். உழைப்பவர்களைப் பயனாளிகளின் பட்டியலிலிருந்து மட்டும் யாரும் நீக்கவில்லை. அந்தப் பட்டியலில் மனைவி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்பார்கள். ஏழாம் நாள் அடுப்பு மூட்டக்கூடாது என்று இன்னொரு விதி இருப்பதால் அடுக்களையும் ஓய்ந்தது என்று வாதிடலாம். ஆனால் அந்த ஓய்வுக்கான விலையை வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரட்டிப்பு வேலையாக யார் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

உழவர்கள் நிறைந்த ஊரில் பேசுவதால் இன்னொரு விதியையும் எடுத்துக்காட்டுகிறேன். யாத்திராகமம் 34-ஆம் அதிகாரம், உழவு காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. வேலையில்லாத நாளில் ஓய்வு கொடுப்பது யாருக்கும் எளிது. நெல் சாய்ந்து நிற்கும்போது, வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, கதிர் அறுப்பவரை வீட்டுக்குப் போகச் சொல்வதுதான் கடினம். சட்டம் கைவைப்பது அந்த இடத்தில். ஓய்வு தரும் நாள் நமக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்வார்கள். அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. பழைய இஸ்ரவேலிலும் அமாவாசையும் ஓய்வுநாளும் இணைபிரியாமல் ஒன்றாகவே பேசப்பட்டன. பாபிலோனியர்கள் பௌர்ணமி நாளை 'சபத்து' என்று அழைத்தார்கள்; மாதத்தின் 7, 14, 21, 28-ஆம் நாள்களை ஆகாத நாள்களாகவும் கருதினார்கள். ஓய்வுநாளின் பெயருக்கோ வேருக்கோ இவற்றோடு உறவு இருக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. நம் அமாவாசையும் பாபிலோனின் ஆகாத நாளும் நிலவைப் பார்த்து வருபவை. அன்று வேலை செய்தால் விளங்காது என்ற அச்சம் அவற்றின் அடியில் இருக்கிறது. ஏழாம் நாளோ நிலவைப் பொருட்படுத்துவதில்லை. வானத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் வெறும் எண்ணிக்கையால் வருகிறது. வேலை செய்தால் கெடுதல் என்பது மாட்டுக்குப் பொருந்தும் காரணம் அல்லவே. மாடு இளைப்பாற வேண்டும் என்று சொன்ன சட்டம் ஜோசியத்தை விட்டுத் தள்ளி நின்று பேசுகிறது.

இந்தச் சட்டம் எழுத்தில் மட்டும் இருந்ததா, நடைமுறையிலும் இருந்ததா? எதிர்ப்பு இருந்ததை வைத்தே நடைமுறையை அறியலாம். ஆமோஸ் நூலில் தானிய வியாபாரிகள், இந்த ஓய்வுநாள் எப்போது முடியும், மூட்டையை எப்போது பிரிக்கலாம் என்று பொறுமையில்லாமல் காத்திருக்கிறார்கள். கள்ளத் தராசும் அவர்களிடம்தான் இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது ஓய்வுநாளில் திராட்சை ஆலை மிதிக்கப்படுவதையும், கழுதைமேல் பாரம் ஏற்றப்படுவதையும், தீரு பட்டணத்தார் மீன் விற்பதையும் கண்டார். பொழுது சாயும் முன்பே நகர வாசல்களை அடைக்கச் சொன்னார். வியாபாரிகள் ஓரிரு முறை மதிலுக்கு வெளியே இரவு தங்கிப் பார்த்தார்கள். மிரட்டியபின் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பிற்பாடு ரோமானியர் காலத்தில் ஏளனம் வேறு சேர்ந்தது. ஆயுளில் ஏழில் ஒரு பங்கை யூதர்கள் வீணாக்குகிறார்கள் என்று தத்துவஞானி செனெக்கா எழுதினார். அந்த நூல் தொலைந்துவிட்டாலும் அகஸ்டின் அதை எடுத்துரைத்ததால் நமக்குத் தெரிகிறது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதைச் சோம்பல் என்றார். செனெக்கா அடிமைகளைப் பரிவோடு நடத்தச் சொன்னவர்தான். ஆனாலும் ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இந்த ஏளனம் எஜமானர்களின் வரிசையிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம். கல் உடைத்துக்கொண்டிருந்த எந்த அடிமையும் ஏழாம் நாள் ஓய்வைக் கேலி செய்து எழுதிவைக்கவில்லை. எழுதவும் தெரியாது, எழுத நேரமும் இல்லை என்பது வேறு விஷயம்.

யூத ரபிகளின் விதிகளைப் பார்த்து, இது உழைப்பாளியின் ஓய்வா, வெறும் சம்பிரதாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, தடைசெய்யப்பட்ட வேலைகளை 'ஒன்று குறைய நாற்பது' என்று எண்ணிச் சொல்கிறது. இரண்டு எழுத்து எழுதுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் அதில் அடக்கம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும்தான். ஆனால் பட்டியலின் தலையிலிருந்து படித்துப் பாருங்கள். விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். பதினொரு சொற்களில் ஒரு ரொட்டி விதையிலிருந்து அடுப்புவரை வந்துவிடுகிறது. தொடர்ந்து ஆட்டுமயிரைக் கத்தரிப்பதிலிருந்து துணியாகத் தைப்பதுவரை இன்னொரு வரிசை போகிறது. சோறும் துணியும் உண்டாக்கும் உழைப்பை அடிமுதல் நுனிவரை தெரிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். களத்துமேட்டில் நின்றவர் எழுதிய பட்டியல் இது.

இயேசு ஓய்வுநாளை ஒழித்தார் என்று பல பிரசங்கங்களில் கேட்கிறோம். சுவிசேஷங்கள் காட்டுவது அப்படி இல்லை. அவருடைய சண்டை ஓய்வுநாளுக்கு உள்ளே நின்று போட்ட சண்டை. பதினெட்டு ஆண்டுகளாகக் கூனிப்போயிருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில் குணமாக்கியபோது அவர் எடுத்த வாதம் மாட்டைப் பற்றியது: உங்களில் யாரும் ஓய்வுநாளில் மாட்டையோ கழுதையையோ தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா? யாத்திராகமம் 23-இல் பார்த்த அதே மாடும் கழுதையும் இங்கே திரும்ப வந்து நிற்கின்றன. மனிதனுக்காகவே நாள், நாளுக்காக மனிதன் இல்லை என்ற அவருடைய கருத்துக்கு மிக நெருங்கிய ஒன்றைப் பிற்கால ரபிகளின் உரையிலும் காண்கிறோம். அவர் இறந்தபின் சீடர்கள் வாரத்தின் முதல் நாளில் கூடத் தொடங்கினார்கள். இங்கேதான் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிறு ஓய்வுநாளாக இருக்கவில்லை. கி.பி. 112-ஐ ஒட்டி பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன்பே கூடிப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். ஏன் விடியுமுன்? விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும். அவர்களில் அடிமைகள் இருந்தார்கள். பிளினி விசாரித்தவர்களில் இரண்டு அடிமைப் பெண்களும் உண்டு. பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ஜும்மா முடிந்ததும் இஸ்லாமியர்கள் கடையைத் திறப்பதை நாம் வாராவாரம் பார்க்கிறோம். வெள்ளி அவர்களுக்குத் தொழுகை நாள், வேலையை விடும் நாள் அல்ல. முதல் முந்நூறு ஆண்டுகளின் ஞாயிறும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.

கி.பி. 321 மார்ச் 7-ஆம் நாள் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம் அதை மாற்றியது. சூரியனின் நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஓய வேண்டும் என்றது. அடுத்த வாசகத்திலேயே நாட்டுப்புறத்தில் பயிர்த்தொழில் செய்வோருக்கு விலக்குத் தந்தது. தானியம் விதைக்கவும் திராட்சை நடவும் அன்றைவிட நல்ல நாள் வாய்க்காமல் போகலாம், பருவம் தவறினால் வானம் தந்த பலன் போய்விடும் என்று காரணமும் சொன்னது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. எந்த மிராசுதாரும் இதைத்தான் சொல்வார். யாத்திராகமம் 34 எந்த இடத்தில் கைவைத்ததோ, அதே இடத்திலிருந்து கான்ஸ்டன்டைன் கையை எடுத்துக்கொண்டார். பேரரசின் மக்களில் மிகப் பெரும்பாலோர் வயலில் நின்றவர்கள் என்பதை நினைத்தால் இந்த விலக்கின் அளவு புரியும். சனி ஞாயிறானதைப் பற்றி மலைமலையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்தின் நடுவே வயல்காட்டு ஆள் பட்டியலிலிருந்து விழுந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதே ஆண்டில் இன்னொரு சட்டம் ஞாயிறன்று அடிமைகளை விடுவிக்கும் பத்திரத்துக்கு அனுமதி தந்ததே என்பார்கள். அது நல்ல சட்டந்தான். ஆனால் விடுவிப்பது எஜமானின் விருப்பம். ஓய்வு கொடுப்பது எஜமானின் கடமை. இரண்டும் ஒன்றல்ல. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், சனிக்கிழமை சும்மா இருப்பது யூத வழக்கம், அன்று வேலை செய்யுங்கள் என்று விதித்தது. ஞாயிறன்று ஓய்ந்திருக்கச் சொன்னபோது மட்டும் 'முடிந்தால்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் பிழையாகும். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலர் விதிமுறைகள்' என்ற நூல், அடிமைகள் ஐந்து நாள் மட்டும் வேலை செய்யட்டும், சனியும் ஞாயிறும் அவர்களுக்கு விடுப்பாக இருக்கட்டும் என்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை 1450-இல் கூடிய சங்கத்தில் இரண்டு நாள்களையுமே உறுதி செய்தது. மேற்கே 538-இல் ஆர்லியன்ஸ் சங்கம் ஏரையும் கவாத்தையும் அறுப்பையும் ஞாயிறன்று விலக்கச் சொன்னது. வயல்காட்டு ஆளுக்கு ஓய்வு திரும்பிவிட்டதே என்றால், சங்கம் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: கோயிலுக்கு வர வசதியாக இருக்கும் என்பது. மாட்டைப் பற்றி அங்கே பேச்சில்லை.

நம் பக்கம் வருவோம். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் பெரியகுளத்தையும் தன் நிலையங்களில் ஒன்றாக வைத்திருந்தது; 1845-இல் கோடைக்கானலில் வீடுகளும் கட்டியது. அதன் போதகர்கள் நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் மரபில் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையை யூதரின் சனிக்கிழமை அளவுக்குக் கண்டிப்பாக வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் கொண்டுவந்த ஓய்வுநாளில் கிழமை புதியது, கண்டிப்புப் பழையது. இந்த முரணைத் தெற்கே ஒரு தமிழர் பிடித்துக்கொண்டார். சாயர்புரத்தில் படித்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, நாடார் சமூகத்தைத் தாழ்த்தி 1849-இல் கால்டுவெல் எழுதிய சிறுநூலாலும் மிஷனரிகளின் அதிகாரத்தாலும் வெகுண்டு, 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவினார். அங்கே ஓய்வுநாள் சனிக்கிழமை. தூபம் போட்டார்கள்; புளித்த மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு வைத்தார்கள். வேதத்தின் எபிரெயர்களுக்கு ஐரோப்பியரைவிடத் தமிழரே நெருக்கம் என்பது அவருடைய வாதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை தமிழ்நாட்டில் முதலில் காலூன்றியதும் இந்தச் சனிக்கிழமைக்காரர்கள் நடுவேதான். சட்டாம்பிள்ளையின் சனிக்கிழமை தன்மானத்துக்கான சனிக்கிழமை, அதில் உழைப்பாளியின் ஓய்வு எங்கே என்று நீங்கள் கேட்டால், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்காரப் பாதிரியின் நாட்காட்டியை மறுக்கும் உரிமைதான் அங்கே முதன்மை. ஆனாலும் அந்த மண்ணின் தொழிலை நினையுங்கள். பனையின் பாளையை நாள்தோறும் சீவினால்தான் பதனீர் ஊறும். விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும். பனையேறிக்குச் சனியும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. கிழமையைப் பற்றிய வழக்கை எவ்வளவு வென்றாலும் மரத்தின் அடியில் அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவில் ஞாயிறு விடுமுறையைத் தொழிலாளிக்குப் பெற்றுத் தந்தது சபைகள் அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இசைந்தார்கள். மராட்டியத் தொழிலாளிகளுக்கு ஞாயிறு கண்டோபா தெய்வத்தின் நாளும்கூட என்பதால் கிழமைச் சண்டை எழவில்லை. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வார ஓய்வு உடன்படிக்கையை இயற்றியது; இந்தியா 1923-இல் அதை ஏற்றது. கான்ஸ்டன்டைனின் சட்டத்துக்குச் சரியாக 1600 ஆண்டுகள் கழித்து வந்த அந்த உடன்படிக்கையின் எல்லை, ஆலை, சுரங்கம் போன்ற தொழில்கள். 1957-இல் வந்த இன்னொன்று கடைகளையும் அலுவலகங்களையும் சேர்த்துக்கொண்டது. வயல் இரண்டிலும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இரு போகம் நெல் விளைவிக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறையோடு நிற்பதில்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுவார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் இருட்டோடு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள். ஞாயிறு என்பது அவர்களுக்கு ஒரு வாரத் துணியைத் துவைக்கும் நாள், சந்தைக்குப் போகும் நாள்.

இங்கே எழும் மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. நாள் கூலிக்காரருக்கு ஓய்வுநாள் என்பது கூலி இல்லாத நாள். சும்மா இருக்கச் சொல்வது பட்டினி கிடக்கச் சொல்வதுதானே? உண்மை. அந்த உண்மையை எபிரெய நூலும் அறிந்திருந்தது. பாலைவனத்தில் மன்னா பொழிந்த கதையில் ஏழாம் நாள் பொறுக்கப் போகாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆறாம் நாள் இரண்டு பங்கு விழுந்தது. ஏழாம் நாளின் சோறு ஆறாம் நாளிலேயே கைக்கு வந்துவிட வேண்டும் என்பது அந்தக் கதையின் கணக்கு. ஓய்வுக்கு ஊதியமும் உண்டு என்று நம் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வகை செய்தபோது, விவசாயத்தையும் தன் அட்டவணையில் வைத்திருந்தபோது, அதே கணக்கைத்தான் போட்டது. ஏட்டில் இருந்த அந்தக் கணக்கு வரப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதை நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏழாம் நாள் ஓய்வு ஏட்டோடு நிற்காமல் மாடுவரை போன ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கொங்கண் கரையில் 'பெனே இஸ்ரயேல்' என்ற யூதர்கள் நூற்றாண்டுகளாகச் செக்காட்டிப் பிழைத்தார்கள். எபிரெய மொழியையும் பெரும்பாலான சடங்குகளையும் மறந்துபோய், மராத்தி பேசி, அக்கம்பக்கத்தாரைப் போலவே உடுத்தி வாழ்ந்தவர்கள். ஆனால் சனிக்கிழமை செக்கை நிறுத்துவதை அவர்கள் விடவில்லை. ஊரார் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். செய்யும் தொழிலால் ஒரு கூட்டத்துக்குப் பெயர் வருவது வழக்கம்; அதைச் செய்யாத நாளாலும் பெயர் வந்தது இவர்களுக்கு. இவர்கள் பெரிய எஜமானர்கள் இல்லை. சொந்தமாக ஒரு செக்கும் அதைச் சுற்றும் மாடும் உள்ள குடும்பங்கள். நிற்காத உழைப்புக்குத் தமிழில் செக்குமாட்டைத்தான் உவமை சொல்கிறோம். அந்தக் கரையோர ஊர்களில் அது வாரத்துக்கு ஒருநாள் நுகத்தடி இல்லாமல் நின்றது. சனிக்கிழமை எண்ணெய் தேவைப்பட்ட அக்கம்பக்கத்தார் வெள்ளிக்கிழமையே வந்து அளந்து வாங்கிப் போயிருக்க வேண்டும்.